வன்முறைக்கு ஆளானவர்களின் வழக்கை ஏற்கும் வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வழக்கறிஞர்களே, சட்ட உதவி மையங்களை நடத்துபவர்களே,

உங்கள் முன் வந்து அமரும்போதே பாதிக்கப்பட்டவர் தனக்கு நடந்ததைப் பலரிடம் சொல்லிச் சோர்ந்திருப்பார்: வீட்டில், காவல் நிலையத்தில், மருத்துவமனையில். நீங்களும் "ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள்" என்கிறீர்கள். தயவுசெய்து, கையில் இருக்கும் வாக்குமூலத்தை முதலில் படியுங்கள். விடுபட்டதை மட்டும் கேளுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

தேதி தவறும். நிகழ்வுகளின் வரிசை மாறும். உச்சகட்ட அச்சத்தில் மனம் சிலவற்றை மட்டுமே ஆழப் பதித்துக்கொள்கிறது. சுவரின் நிறம் நினைவிருக்கும், மாதம் நினைவிருக்காது. எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையில் இதைப் பொய் என்று காட்ட முயலும். அந்த விசாரணை உங்கள் அறையிலேயே தொடங்கிவிடக் கூடாது.

"இத்தனை காலம் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்காதீர்கள். நிறுவனங்களில் குழந்தைகள்மீது நடந்த பாலியல் வன்கொடுமையை விசாரித்த ஆஸ்திரேலிய அரச ஆணையம் 2017இல் இறுதி அறிக்கை அளித்தது. அதன் தனி அமர்வுகளில் பேசியவர்கள், நடந்ததை முதன்முதலில் ஒருவரிடம் சொல்லவே சராசரியாக 23.9 ஆண்டுகள் எடுத்திருந்தார்கள். தாமதம்தான் இத்தகைய வழக்குகளின் இயல்பு. அதை நீதிபதிக்கு விளக்க வேண்டியவர் நீங்கள்.

மொழிபெயர்ப்பாளர் விஷயத்தில் நடக்கும் அலட்சியம் எனக்குக் கோபமூட்டுகிறது. சிறிய சமூகத்தில் எல்லோரும் எல்லோருக்கும் உறவு. அழைத்து வரப்பட்டவர் குற்றவாளியின் சித்தப்பாவாக இருக்கலாம். இல்லாவிட்டாலும், செய்தி மாலைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடுமோ என்ற பயம் ஒன்றே வாயை அடைக்கப் போதும். பெயரைச் சொல்லி, இவர் இருக்கலாமா என்று முன்கூட்டியே தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் மாற்றுங்கள். குடும்பத்தினரை, குறிப்பாகக் குழந்தைகளை, மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

சேவை பெறுபவரின் பண்பாட்டை மதித்து, அவர் பாதுகாப்பாக உணரும்படி நடத்துவதே பண்பாட்டுப் பாதுகாப்பு. அந்தக் கருத்தை நியூசிலாந்தில் வளர்த்தெடுத்த, அந்நாட்டின் பூர்வகுடியான மாவோரி இனத்தைச் சேர்ந்த செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன், ஒரு சேவை பாதுகாப்பானதா என்பதை அதைப் பெறுபவரே தீர்மானிக்க வேண்டும் என்றார். மருத்துவத்தில் பிறந்த அந்த அளவுகோல் சட்டத்துறைக்கும் அப்படியே பொருந்தும். நாங்கள் நன்றாகத்தான் நடத்துகிறோம் என்று நீங்களே உங்களுக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொள்ள முடியாது.

மைய நிர்வாகிகளே, ஒரு நாளில் இத்தனை கட்சிக்காரர்கள் என்று கணக்கு வைத்தால் இவை எதுவும் நடக்காது. முதல் சந்திப்புக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். வழக்கு முடியும்வரை ஒரே வழக்கறிஞர் தொடரட்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஜாமீன் கிடைத்தால், அந்தச் செய்தி உங்களிடமிருந்தே பாதிக்கப்பட்டவருக்கு முதலில் போக வேண்டும், அன்றைக்கே.