ஓபரா ஹவுஸில் உதவிய அம்மாவுக்கு

சான் பிரான்சிஸ்கோ வார் மெமோரியல் ஓபரா ஹவுஸில் எங்கள் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளோடு 'நட்கிராக்கர்' என்ற பாலே நடன நாடகம் பார்த்தோம். 1944 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அமெரிக்காவில் அது முதன்முதலாக முழுமையாக அரங்கேறிய இடமே அதுதான். பின்வரிசையில் இருந்த அம்மா, பெயர்கூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டீர்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

வசனமே இல்லாமல் கதை எப்படிப் புரியும் என்று பிள்ளைகள் தமிழில் புலம்பியது உங்கள் காதில் விழுந்திருக்க வேண்டும். திரை விலகும் முன்பே பாலேயின் சைகைகளைச் சொல்லிக்கொடுத்தீர்கள். தலைக்கு மேல் கைகளைச் சுழற்றினால் நடனம், நெஞ்சில் வைத்தால் அன்பு, மோதிர விரலைத் தொட்டால் கல்யாணம். பரதம் கற்கும் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

அப்புறம் இடைவேளையில் இசைக்குழு உட்காரும் பள்ளத்தருகே கூட்டிப்போய், சின்னப் பியானோ மாதிரி இருந்த செலஸ்டாவைக் காட்டினீர்கள். உள்ளே சுத்தியல்கள் உலோகத் தகடுகளைத் தட்டுவதால்தான் அந்த மணியோசை என்றீர்கள். இரண்டாம் பாகத்தில் சுகர் பிளம் தேவதையின் நடன இசையில் அந்த மணியோசை கேட்டதும், "செலஸ்டா!" என்று எல்லாரும் கிசுகிசுத்தார்கள். ஆசிரியர்கள் நாங்கள் வாரக்கணக்கில் சொல்லியும் வராத ஆர்வம் அது. மனமார்ந்த நன்றி, அம்மா. அடுத்த டிசம்பரிலும் வருவோம், எங்களோடு உட்காருங்கள்.