அக்டோபருக்கு முன் தடுப்புச் சுவரை முடித்துத் தாருங்கள்

சாலைப் பணிக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். கோத்தகிரிக்குக் கீழே எங்கள் ஊர்ச் சாலையில் மண் சரிந்ததும், தடுப்புச் சுவருக்குப் பூமி பூசை நடந்ததும், அடித்தளம் தோண்டிய கையோடு ஒப்பந்ததாரர் ஆட்களை அழைத்துக்கொண்டு போனதும், திருத்திய மதிப்பீடு ஒப்புதலுக்காக மேசை மேசையாக நகர்வதும் தங்கள் கோப்பிலேயே இருக்கின்றன. அவற்றை மீண்டும் எழுதப் போவதில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் இந்தச் சுவரை முடித்துத் தாருங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

கடந்த வியாழக்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன். சரிவைத் தாண்டி வண்டி வர முடியாததால், பறித்த பச்சைத் தேயிலையை மூட்டையாகக் கட்டித் தலையில் சுமந்து, ஒற்றையடிப் பாதையில் முக்கால் கிலோமீட்டர் ஏறி மேல்சாலையில் சேர்க்கிறோம். அன்று மதியம் பிடித்த மழையில் பாதை வழுக்கியதால் என்னுடைய ஆறு மூட்டைகளும் இருட்டும்வரை இந்தப் பக்கமே கிடந்தன. மூட்டைக்குள் அடைந்து கிடக்கும் இலை சூடேறிவிடும் என்பதை மலையில் வேலை பார்க்கும் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏழு மணிக்குக் கட்டை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டேன், வெதுவெதுவென்று இருந்தது. மேலாகக் கிடந்த கொழுந்துதான் பச்சை. நடுவில் இருந்ததெல்லாம் சிவந்துபோயிருந்தது. தொழிற்சாலையில் அதைத் தராசில் ஏற்றவே மறுத்துவிட்டார்கள். பறித்த நால்வருக்கும் கூலியை என் கையிலிருந்து கொடுத்துவிட்டு, இலையைச் செடிக்கு அடியிலேயே கொட்டினேன்.

இழப்பு என்னோடு முடிந்தால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். சரிவின் அடிவாரத்தைத் தோண்டிவிட்டுச் சுவர் எழுப்பாமல் போனதால், சரிந்தது போக மிச்சமிருந்த மண்ணுக்கும் இப்போது பிடிமானம் இல்லை. குழியில் நீர் தேங்கி ஊறுகிறது; நட்ட கம்பிகள் துருப்பிடித்து நிற்கின்றன. 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானதையும், அந்த மழையில் மாவட்டமெங்கும் ஏற்பட்ட சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதையும் இங்கே யாரும் மறக்கவில்லை. அந்தக் குழிக்கு நேர் மேலே ஒன்பது வீடுகள் இருக்கின்றன.

‘பணி நடைபெறுகிறது, மெதுவாகச் செல்லவும்’ என்ற பலகை மட்டும் புதுப்பொலிவோடு நிற்கிறது. வண்டியே போகாத சாலையில் யார் மெதுவாகச் செல்வது என்று தெரியவில்லை. கோடை சீசனுக்கு முன் ஊட்டிச் சாலையில் ஒரு பள்ளம் விழுந்தால் ஒரே இரவில் தார் ஊற்றத் தெரிந்த அரசுக்கு, தேயிலை மூட்டை போகும் சாலை மட்டும் கண்ணில் படாதது ஏனோ! மன்னிக்க வேண்டும், கேட்க வந்தது இதுவல்ல.

மதிப்பீட்டுக்கு ஒப்புதல் தந்து, அக்டோபருக்கு முன் சுவரை முடித்துத் தாருங்கள். அதன் பின்னால் சேரும் மழைநீர் வெளியேறப் போதிய துளைகள் மதிப்பீட்டில் உள்ளனவா என்பதையும் தயவுசெய்து ஒருமுறை பாருங்கள். நீர் போக வழியில்லாத சுவரை அந்த நீரே தள்ளிவிடும். ஒப்புதல் தாமதமாகுமெனில், மேட்டிலிருந்து வரும் நீரைத் திருப்பிவிட ஒரு வடிகாலாவது இந்த மாதமே வெட்டிக் கொடுங்கள். மண்வெட்டியோடு நாங்களும் வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்
சிறு தேயிலை விவசாயி ஒருவன்