21 வயதுக்குட்பட்டோருக்கு மதுசாரம் விற்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கக் கோரும் மனு

மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
யாழ்ப்பாணம்.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

வலிகாமத்துக் கிராமமொன்றின் சனசமூக நிலைய உறுப்பினர்களும் பெற்றோருமாகிய நாங்கள் இம்மனுவைத் தங்கள் மேலான கவனத்துக்குச் சமர்ப்பிக்கிறோம்.

கடந்த ஆண்டு கோயில் தேர்த் திருவிழா முடிந்த இரவு, 19 வயதுப் பிள்ளையொன்று மதுபோதையில் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிள் எமது ஒழுங்கை முகப்பில் கதியால் வேலியை முறித்துக்கொண்டு மதிலில் மோதியது. தலைக்கவசம் கைபிடியில் கொழுவியபடியே கிடந்தது. பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டது. அந்தியேட்டிக்கு வந்த நண்பர்கள், அன்று வாங்கிய மதுபானசாலையில் ஒருநாளும் தங்களிடம் வயது கேட்டதில்லை என்று தலைகுனிந்து சொன்னார்கள். அதுவரை மது எங்கே வாங்கினீர்கள் என்று எவரும் அவர்களிடம் கேட்டிருக்கவில்லை, நாங்களும்தான் கேட்கவில்லை.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குட்பட்டோருக்கு மதுசாரம் விற்பதைத் தடைசெய்கிறது. சாரதி அனுமதிப்பத்திரமோ 18 வயதிலேயே கிடைக்கிறது. இவ்விரு வயதுகளுக்கும் இடைப்பட்ட ஒருவர் வாகனம் ஓட்டிவந்து பொலிஸாரின் மதுச் சோதனையில் பலூன் ஊதிப் பிடிபடும்போது, அவருக்கு வழக்கு எழுதுவதோடு விடயம் முடிந்துவிடுகிறது. அந்தப் போத்தல் எங்கிருந்து வந்தது என்று எவரும் தேடிப் போவதில்லை. வயதில் மூத்த ஒருவர் வாங்கிக் கொடுத்திருக்கவும் கூடும், ஆனால் விசாரித்தால்தான் அதுவும் தெரியவரும்.

வயதை அறிவது கடினமான காரியமன்று. சாதாரண தரப் பரீட்சைக்கே எமது பிள்ளைகள் அடையாள அட்டை எடுத்துவிடுகிறார்கள். 12 இலக்க அட்டையின் முதல் நான்கு இலக்கங்களும் பிறந்த ஆண்டுதான். விற்பவர் அதை ஒருமுறை பார்த்தாலே போதும்.

சட்டத்திலுள்ள வயதைக் கூட்டும்படியோ புதிய சட்டமொன்று வேண்டுமென்றோ நாங்கள் கேட்கவில்லை. 21 வயதுக்குட்பட்ட ஒருவர் மதுபோதையில் வாகனம் ஓட்டிப் பிடிபடும் ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும், மது பெறப்பட்ட இடத்தைப் பொலிஸார் பதிவுசெய்து மதுவரித் திணைக்களத்துக்கு அறிவிக்கவும், திருவிழாக் காலங்களிலும், கடைகள் பூட்டப்படும் போயா தினங்களுக்கு முதல்நாள் மாலைகளிலும் திணைக்கள அலுவலர்கள் முன்னறிவிப்பின்றிச் சோதனை நடத்தவும், தவறிழைத்த விற்பனை நிலையங்கள் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் முன்வைக்கப்படவும் ஆவன செய்யுமாறு வேண்டுகிறோம். இவ்வருடத் திருவிழாவுக்குக் கொடியேறுமுன்னர் இது நடைமுறைக்கு வரவேண்டுமென்பது, பிள்ளையை இழந்த அந்தத் தாயாரும் கையொப்பமிட்டுக் கேட்கும் கோரிக்கையாகும்.

இங்ஙனம்,
சனசமூக நிலைய உறுப்பினர்களும் பெற்றோரும்