கேமராவுக்குப் பின்னால் நின்றவர்

அன்புள்ள சண்முகம்,

நலம். நீ கொடுத்தனுப்பிய தைலத்தால் முழங்கால் பரவாயில்லை. அந்தத் தைரியத்தில் போன ஞாயிறு மகள் குடும்பத்தோடு வட கரோலினா கடற்கரைக்குப் போய்வந்தேன். கில் டெவில் ஹில்ஸ் என்று ஊர். 1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் ஆர்வில், வில்பர் இருவரும் முதன்முதலாக விமானம் ஓட்டிய மணல்வெளி.

அங்கே மேட்டின் உச்சியில் 60 அடி உயரத்துக்கு ஒரு கிரானைட் தூண் நிற்கிறது. 1932இல் கட்டியது. கம்பீரம்தான். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது மேட்டுக்குப் பின்புறம் கீழே இருக்கும் சிற்பம். நூற்றாண்டுக்காக 2003இல் வைத்திருக்கிறார்கள். ஸ்டீபன் ஸ்மித் என்ற சிற்பி செய்தது. விமானம் நிஜ அளவிலேயே, எஃகில். ஆர்வில் அதில் குப்புறப் படுத்திருக்கிறார். ஏறி விளையாடத் தடையில்லை. பேத்தி ஓடிப்போய் ஆர்வில் பக்கத்தில் அவரைப் போலவே படுத்துக்கொண்டாள். இறங்கவே மாட்டேன் என்றாள்.

அவளுக்காகக் காத்திருந்தபோதுதான், சற்றுத் தள்ளி முக்காலியில் கேமராவும் அதன் பக்கத்தில் ஒரு வெண்கல மனிதரும் நிற்பதைக் கவனித்தேன். ஜான் டேனியல்ஸ். உடனே உன் முகம்தான் வந்தது.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்தோமே, விமானம் தரையை விட்டு எழும்பும் படம், அதை எடுத்தவர் இவர். கடலில் கவிழும் கப்பல்களிலிருந்து ஆட்களை மீட்கும் நிலையத்தில் வேலை. அதற்கு முன் கேமராவில் படமே எடுத்ததில்லை. ஆர்வில் கேமராவை நிறுத்தி, குறி பார்த்து வைத்துவிட்டு, "விமானம் எழும்பியதும் இந்த ரப்பர் பல்பை அமுக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். மொத்தம் 12 வினாடி, 120 அடி தூரம். பார்த்த பரவசத்தில், அமுக்கினோமா இல்லையா என்றே டேனியல்ஸுக்குத் தெரியவில்லையாம். சகோதரர்கள் சொந்த ஊரான டேட்டனுக்குத் திரும்பி, கண்ணாடி நெகட்டிவைக் கழுவிப் பார்த்த பிறகுதான் படம் விழுந்திருப்பது தெரிந்திருக்கிறது. நெகட்டிவ் கழுவும்போது உனக்கு இருக்கும் படபடப்பு எனக்குத் தெரியுமே!

அன்றே வில்பர் 59 வினாடி, 852 அடி பறந்தார். அப்புறம் காற்று விமானத்தைப் புரட்டியபோது, பிடிக்கப் போன டேனியல்ஸ் அதற்குள் சிக்கி உருண்டு காயம்பட்டார். ஆர்வில் இறந்தது 1948 ஜனவரி 30, காந்தி சுடப்பட்ட அதே நாள். டேனியல்ஸ் இறந்தது மறுநாள்.

அந்தப் படத்தில் அவர் இல்லை, எப்படி இருக்க முடியும்? சிற்பி அவரையும் சேர்த்து நிறுத்தியதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மகள் இங்கே எடுத்துவந்திருக்கும் என் கல்யாண ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். முகூர்த்தத்திலிருந்து பந்தி வரை கூடவே இருந்தாய், ஒரு படத்தில்கூட நீ இல்லை.

ஸ்டுடியோவில் அந்தப் பழைய பெட்டிக் கேமரா இன்னும் இருக்கிறதுதானே? அதன் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு. உன் பையனை எடுக்கச் சொல்.

அன்புடன்,
ராமநாதன்