எதையும் தேய்க்காதே

அன்புள்ள வள்ளிக்கு,

படம் கிடைத்தது. இரண்டு மாதம் கழித்து வந்த செய்தி, "அப்பா, தாத்தா பைப் எந்த வருஷம், என்ன விலை போகும்?" என்ற ஒரே வரி. மாப்பிள்ளையைப் பற்றி ஒரு சொல் இல்லை. இருக்கட்டும், தாத்தா புகைத்த அந்தச் சுங்கானைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

முதல் காரியம், எதையும் தேய்க்காதே. கறுத்திருக்கிறதே என்று பிராஸோவை எடுத்துவிடாதே. சுங்கானின் வயது எழுதியிருப்பது இரண்டே இடத்தில்: கட்டையின் கழுத்தில் குத்திய எழுத்து, வெள்ளிப் பூணில் குத்திய முத்திரை. இரண்டும் அவ்வளவு ஆழமில்லை. பாலிஷ் போடப் போட விளிம்பு மழுங்கும், பிறகு எந்த லென்ஸுக்கும் தெரியாது.

படிக்கிற விதம் இது. அறை விளக்கை அணை. போன் டார்ச்சை மேலிருந்து காட்டாமல் கழுத்தை ஒட்டிப் படுக்கவைத்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வை. பைப்பை மெல்ல உருட்டு. ஒரு கோணத்தில் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். அந்த நொடியில் படம் எடு. நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள். பள்ளத்தில் அழுக்கு அடைத்திருந்தால் எச்சில் தொட்ட பஞ்சு போதும். ஸ்பிரிட் தொட்டால் கட்டையின் சாயமும் சேர்ந்து வந்துவிடும்.

படத்தில் பீட்டர்சன் என்று கம்பெனி பெயர் தெரிகிறது, அயர்லாந்தில் டப்ளினில் செய்தது. அதன் கீழே நாட்டின் பெயர் என்ன போட்டிருக்கிறது என்று பார். 'ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட்' என்றால் 1922க்கும் 1937க்கும் நடுவே. அந்தப் பெயரில் நாடு இருந்ததே அவ்வளவு காலம்தான். 'எய்ரே' என்றால் 1937 கடைசியில் புது அரசியல் சட்டம் வந்த பிறகு. 'ரிபப்ளிக்' என்ற சொல் இருந்தால் 1949இல் குடியரசான பிறகு. வெறும் 'மேட் இன் அயர்லாந்து' மட்டும் இருந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, பல காலத்திலும் வந்திருக்கிறது. அத்தை கணக்குப்படி இது முதல் உலகப் போருக்கு முந்தியது. அத்தை கணக்கு உனக்குத் தெரியும்.

அடுத்தது பூண். ஷாம்ராக் என்ற மூவிலை, வேட்டை நாய், வட்டக் கோபுரம் என்று மூன்று படம் வரிசையாக இருந்தால் ஏமாந்துவிடாதே. அது நிக்கல் பூணில் அந்தக் கம்பெனி போட்ட அலங்காரம், வெள்ளி என்பதற்கு அடையாளமே இல்லை. தெரிந்தவர்களே இதில் வழுக்குவார்கள். அசல் டப்ளின் வெள்ளியில் கிரீடம் வைத்த யாழ், உட்கார்ந்திருக்கும் பெண் உருவம், கூடவே ஓர் எழுத்து இருக்கும். அந்த எழுத்துதான் வருஷம். ஆனால் அகரவரிசை முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள், ஒரே எழுத்து பல தடவை வரும். அதனால் எழுத்தின் வடிவத்தையும் அதைச் சுற்றிய கட்டத்தின் வடிவத்தையும் சேர்த்துத்தான் டப்ளின் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். (உங்கள் பர்மிங்காம் வெள்ளிக்கு முத்திரை நங்கூரம். கடலே இல்லாத ஊருக்கு!)

பூண் சொல்லும் வருஷமும் கட்டை சொல்லும் காலமும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் பூண் பிறகு மாட்டியதாக இருக்கலாம். கழுத்து விரிசலை மறைக்கவும் பூண் போடுவார்கள்.

வாய்ப்பகுதி பழைய மைப்பேனா செய்கிற அதே எபனைட், கெட்டி ரப்பர். பச்சையும் பழுப்புமாக மாறியிருப்பது வெயிலும் காற்றும் பட்டதால். ஜன்னலோரம் வைக்காதே. வெந்நீரில் போடாதே, சூடு பட்டால் வளைவு நிமிர்ந்துவிடும். புகை வரும் துளை நுனியில் இல்லாமல் மேல்பக்கம் இருக்கிறதா பார். இருந்தால் அது 1898இல் பீட்டர்சன் பேடன்ட் வாங்கிய அமைப்பு, அசல் வாய்ப்பகுதியாக இருக்க வாய்ப்பு அதிகம். கழற்ற வராமல் இறுகியிருந்தால் முறுக்காதே. பிளாஸ்டிக் பையில் போட்டு அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு மெல்லத் திருப்பு.

விலை நான் சொல்லவில்லை. முத்திரையைப் பார்க்காமல் சொல்கிறவன் பொய் சொல்கிறான். ஒன்று மட்டும், பூணைக் கழற்றி வெள்ளி எடைக்குப் போட்டுவிடாதே. சில கிராம்கூடத் தேறாது, பைப் செத்துவிடும். அவ்வளவு அவசரமா அம்மா? கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்தே நீ எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை, அதில் எனக்குப் பெருமைதான். இப்போது அது நல்லதாகத் தெரியவில்லை. எதற்கும், தேய்க்காதே.

இன்னொன்று சொல்ல வேண்டும். தாத்தாவின் இன்னொரு பைப், அந்த டன்ஹில்லில் எழுத்து மழுங்கியிருந்ததே, நீ விளையாடிக் கெடுத்தாய் என்று எல்லார் முன்னாலும் திட்டினேனே, உனக்கு எட்டு வயது. அது நீ இல்லை. தட்டான் பட்டறையில் பாலிஷ் போடும் பஃப் சக்கரத்தில் பிடிக்கச் சொன்னது நான். 'இங்கிலாந்து' என்ற சொல்லுக்குப் பின்னால் பொடியாக இருந்த வருஷ எண் ஒரு நிமிஷத்தில் போய்விட்டது. தாத்தாவுக்கு முன்னால் ஒத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் நின்றாய்.

டார்ச் வைத்து எடுத்த படம் அனுப்பு: கழுத்தின் இரண்டு பக்கம், பூணைச் சுற்றி மூன்று. போன் செய்தாலும் சரி. இங்கே பன்னிரண்டு மணி வரை விழித்துத்தான் இருக்கிறேன். அம்மாவுக்குத் தெரியாமல் பேச வேண்டுமென்றால் பத்துக்கு மேல் கூப்பிடு.

அப்பா