தரங்கம்பாடியில் கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். போன ஞாயிறு காலை, "எங்கேயாவது போய்விட்டு வரலாமா?" என்றாள் தோழி. மயிலாடுதுறை பேருந்து நிலையத்தில் பொறையார் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஏறிவிட்டோம். இதற்குமேல் எங்களிடம் திட்டம் எதுவும் இல்லை. மற்றதெல்லாம் நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள். உங்கள் பெயர்கள் தெரியாததால் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் நடத்துநர் அண்ணனுக்கு. பொறையாருக்கு டிக்கெட் கேட்டவர்களைத் தடுத்து, "கோட்டை பார்க்கத்தானே? தரங்கம்பாடியிலேயே இறங்குங்கள்" என்று சொல்லி, மீதிச் சில்லறையையும் மறக்காமல் கொடுத்தீர்கள். (இந்தக் கடைசிச் செயலின் அருமை பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும்.)

கோட்டையில் பேரனோடு வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவுக்கு அடுத்த நன்றி. தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதியோடு டேனிஷ்காரர்கள் 1620-இல் இங்கே கால்பதித்ததையும், 1845-இல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுக் கப்பலேறியதையும் பேரனுக்குச் சொல்லும் சாக்கில் எங்களுக்கும் பாடம் நடத்தினீர்கள். கீழ்த்தளத்தின் வளைந்த கூரை அறைகளில் எது சிறை, எது கிடங்கு என்று நீங்கள் சொல்லியிருக்காவிட்டால், வெயிலுக்கு ஒதுங்கிவிட்டு வெளியே வந்திருப்போம். சுவரில் காதலி பெயரைக் கீறி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்த மடலில் பங்கு கிடையாது.

புதிய எருசலேம் ஆலயத்தில், ஆராதனை முடிந்து கதவைச் சாத்தப்போன பெரியவரே, எங்களுக்காக மறுபடி திறந்தீர்கள். 1718-இல் கட்டிய ஆலயம். அதைக் கட்டிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு மறு ஆண்டே மறைந்து அங்கேயே அடக்கமாகியிருக்கிறார். என் தோழிக்கு அச்சகத்தில் வேலை. ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கியதால், இந்த ஊரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்து, 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள் என்று நீங்கள் சொன்னதும் அவள் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டுத் துளைத்தாள். சாப்பாட்டு நேரம் கடந்தும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னீர்கள். காகிதச் செலவுக் கவலை முந்நூறு ஆண்டுகளாக மாறவேயில்லை என்று அவள் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கடைசியாக, மாசிலாமணிநாதர் கோயில் அருகே வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்கு. 1306-இல் எழுந்த கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோன கதையைப் பேசிக்கொண்டே கருங்கல் குவியலைத் தாண்டும்போது தோழியின் செருப்பு வார் அறுந்தது. நாங்கள் உதவி கேட்கவில்லை. "இப்படிக் கொடு" என்று வாங்கி, வலை பின்னும் ஊசியில் நீல நைலான் நூலைச் சுற்றி, வாரின் இரு முனைகளையும் சேர்த்து நான்கு முடிச்சுப் போட்டு, மிஞ்சிய நூலைப் பல்லால் கடித்துத் துப்பினீர்கள். காசு கொடுக்க முயன்றதற்கு வாங்கிய திட்டும் நினைவிருக்கிறது. புதுச் செருப்பு வாங்கும் எண்ணத்தைத் தோழி கைவிட்டுவிட்டாள்.

அக்கா, வலையோடு நீங்கள் இருக்கும் படங்கள் நன்றாக வந்திருக்கின்றன. அச்சுப் போட்டு, ராஜ வீதி முனையில் நாங்கள் டீ குடித்த கடையில் கொடுத்து வைக்கிறோம். ஆசிரியர் ஐயாவின் பேரன் பீரங்கிமேல் உட்கார்ந்திருக்கும் படமும் அந்த உறையில்தான் இருக்கும்.

அன்புடன்,
மயிலாடுதுறையிலிருந்து வந்த இருவர்