முதுகை எப்போது கழுவுகிறாள் என்று கேள்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் வீடு மாறிய கதை. விஷயம் இருந்தது கடைசி அரைப் பக்கத்தில்தான். முதுகெல்லாம் பரு என்று யாழினி நீச்சலுக்குப் போக மறுக்கிறாள், "ஒழுங்காகக் குளித்தால் ஏன் வருகிறது?" என்று நீ திட்டியிருக்கிறாய், அவள் இரண்டு நாளாக உன்னோடு பேசவில்லை. இந்தச் சண்டையில் நான் அவள் பக்கம். பரு அழுக்கால் வருவதில்லை. சரி, கோபப்படாமல் மேலே படி.

போன வருஷம் எனக்கும் இதே கதைதான். பன்னிரண்டு வருஷம் கிராப் வெட்டிக்கொண்டிருந்தவள் முடி வளர்க்க ஆரம்பித்தேன் இல்லையா? தோளைத் தாண்டியதும் சிக்கு தாங்கவில்லை. கண்டிஷனர் வந்தது, அப்புறம் ஹேர் மாஸ்க், பிறகு ஒரு சீரம். குளியலறை அலமாரியில் சோப்புக்கு இடமில்லை. அண்ணன் மகள்தான் ஒருநாள் முதுகில் விரல் வைத்து, "அத்தை, இங்கே ஏன் மணல் மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். நம் கண்ணுக்கே படாத இடம், யாராவது சொன்னால்தான் உண்டு.

நானும் உன்னைப் போலவே அழுக்கு என்றுதான் நினைத்தேன். நார் போட்டுத் தேய்த்தேன், பரபரவென்று ஒரு ஸ்க்ரப் வாங்கித் தேய்த்தேன். இரண்டு வாரத்தில் மணல் எல்லாம் சிவந்து வீங்கி, நாற்காலியில் சாய முடியவில்லை.

அப்புறம் ஒருநாள் துவட்டுவதற்கு முன்னால் கையைப் பின்னால் வளைத்து முதுகைத் தொட்டேன். விரல் வழுக்கிக்கொண்டு போனது. சோப்புப் போட்ட தோல் அப்படி இருக்காதே! கை, கால் எல்லாம் சாதாரணமாக இருக்கிறது, தோள்பட்டைக்கு நடுவில் மட்டும் மெழுகு பூசினமாதிரி. அங்கேயே நின்று யோசித்தேன். முதலில் ஷாம்பு, பிறகு கண்டிஷனர். அது தலையில் ஊறும் நேரத்தில் உடம்புக்குச் சோப்பு. கடைசியில் தலையை அலசி முடித்துவிடுவேன். அலசிய தண்ணீர் முழுக்க முதுகு வழியாகத்தான் இறங்குகிறது. சுத்தமாகக் கழுவிய முதுகின் மேல் நானே தினமும் ஒரு பூச்சு போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

கண்டிஷனரைக் குற்றம் சொல்லவும் முடியாது. முடியின் மேல்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கும், கண்டிஷனரில் இருக்கும் முக்கியமான பொருளுக்கு நேர்மின்னூட்டம். ஆகவே இரண்டும் ஒட்டிக்கொள்ளும். கூடவே சீட்டைல் ஆல்கஹால், ஸ்டீரைல் ஆல்கஹால் என்று இருக்குமே, பெயரில்தான் ஆல்கஹால், உண்மையில் அவை மெழுகு மாதிரி. தண்ணீர் ஊற்றினாலும் கொஞ்சம் தங்கி நிற்பதற்காகவே செய்த பொருள் அது. தலையில் நின்றால் பளபளப்பு என்கிறோம், முதுகில் நின்றால் பரு என்கிறோம். மேல்முதுகில் எண்ணெய்ச் சுரப்பிகளும் அதிகம், அவற்றின் வாயை அடைக்க ரொம்ப நேரம் ஆகாது.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. தலையில் பொமேட் என்ற முடிப் பசை தடவுகிறவர்களுக்கு நெற்றியிலும் நெற்றிப்பொட்டிலும் வரும் பருவைப் பற்றி பிளெவிக், ஃபுல்டன், கிளிக்மன் என்ற மூவர் 1970இலேயே எழுதி, 'பொமேட் பரு' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். பாட்டிலில் 'நான்-காமெடோஜெனிக்', அதாவது தோல் துளையை அடைக்காதது, என்று போட்டிருந்தால் வாங்கலாம், ஆனால் அதை அப்படியே நம்பிவிடாதே. எந்தப் பொருள் துளையை அடைக்கும் என்ற பழைய பட்டியல்கள் பலவும் முயலின் காதில் தடவிப் பார்த்து எழுதியவை. முயல் காது நம் தோலைவிடச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

நான் ஒரு பாட்டிலையும் தூக்கிப் போடவில்லை, வரிசையைத்தான் மாற்றினேன். இப்போது தலை வேலையை முதலில் முடித்துவிடுகிறேன். குனிந்து, முடியை முன்பக்கம் போட்டு அலசி, கிளிப் போட்டு உச்சியில் தூக்கிக் கட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் கழுத்து, முதுகு, தோள் எல்லாம் கையால் மெதுவாகக் கழுவுகிறேன். நார் கிடையாது. சீரம் தடவிய இரவில் முடியைக் கட்டிக்கொண்டுதான் படுக்கை, தலையணை உறையையும் அடிக்கடி மாற்றுகிறேன். யாழினி முதுகில் கனமான பை மாட்டுவாள் என்றால் அதையும் பார். வியர்வையோடு உரசினாலே சிலருக்குப் பரு வரும்.

இதோடு பருவுக்கான பென்சாயில் பெராக்சைடு வாஷ் ஒன்றும் போட்டேன். தடவி இரண்டு மூன்று நிமிஷம் விட்டுக் கழுவ வேண்டும். அது நன்றாகவே வேலை செய்தது, என் மெரூன் துண்டிலும் வேலை செய்தது! நடுவில் பெரிய ஆரஞ்சு வட்டம். அது துணியை வெளுக்கும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் அட்டையைப் படிக்கவில்லை.

ஒரு வாரத்தில் பலன் தெரியவில்லை என்று அவளை நிறுத்திவிட விடாதே. காரணமான பொருளை நிறுத்திய பிறகும் இருக்கிற பரு அடங்க 4 முதல் 6 வாரம் ஆகும் என்று அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். எனக்கு ஏழாகிவிட்டது.

பதினாறு வயதில் ஹார்மோன் பருவும் இருக்கலாம், எல்லாப் பழியையும் கண்டிஷனர் மேல் போட முடியாது. ஒன்று கவனி: எல்லாம் ஒரே அளவில், சின்னதாக, அரிப்போடு இருந்தால் அது பருவே இல்லாமலும் போகலாம். மலசீசியா என்ற ஈஸ்ட், ஒரு வகைப் பூஞ்சை, மயிர்க்கால்களில் பெருகினாலும் பார்க்க இப்படித்தான் இருக்கும். அதற்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் சில சமயம் கூடிவிடும், பூஞ்சை மருந்துதான் கேட்கும். உருண்டையாக வலித்தாலோ தழும்பு விழுந்தாலோ காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் கூட்டிப் போ.

முதலில் அவளிடம் போய், திட்டாமல், தலையை அலசுவது முதலிலா கடைசியிலா என்று கேள். கடைசியில் என்றால், 'நானும் அப்படித்தான் செய்தேன்' என்று அத்தை சொன்னதாகச் சொல்.

புது வீட்டில் சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் என்று எழுதவேயில்லையே. அடுத்த கடிதத்தில் அதையும் எழுது. அவளுக்கு அந்த வாஷ் வாங்கினால் கூடவே ஒரு வெள்ளைத் துண்டும் வாங்கு.

அன்புடன்,
உமா